பதினோராவது பாட்டு

தொண்டை அறுவை சிகிச்சைக்கு முந்தின வாரம், மெம்ஃபிஸ் ஸ்டுடியோவில் பத்துப் பாட்டுப் பாடி ஆல்பத்தை முடித்தாள் வெர்டெல். இனிக் குரல் மிஞ்சுமா என்று மருத்துவருக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த முதல் இசைத்தட்டில் பதினொரு பாட்டு இருந்தது. கடைசிப் பாட்டைப் பாடியதும் அவள்தான். ஆனால் முப்பது வயதுக்காரியின் குரல் அல்ல; எழுபது வயதுக் குரல்.

"பாத்தியா? கிழவியானாலும் உன் வாய் ஓயாது," என்று சிரித்தான் கணவன் ஆர்வில்.

வெர்டெலுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பாடிய எல்லாவற்றுக்கும் ஆர்வில்தான் பியானோ வாசித்திருக்கிறான். இதில் வாசித்த கை அவனுடையது அல்ல.

"பியானோ யாரு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"யாரோ. நல்லாத்தான் வாசிக்கிறான்," என்று சொல்லி ஆர்வில் ஊசியை மறுபடி அந்தப் பாட்டின் தொடக்கத்தில் வைத்தான்.