விஜயதசமிக்கு ஒரு பக்கம்

அப்பா புத்தக அடுக்கின் மேலிருந்த பூவை எடுத்தார்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நேற்று சரஸ்வதி பூஜை. வீட்டிலிருந்த புத்தகமெல்லாம் சாமி முன்னால் போய்விட்டது. இன்று காலை அவற்றை எடுத்து, ஆளுக்கு ஒரு பக்கமாவது வாசித்த பிறகுதான் இட்லி. அந்த வீட்டில் அது மாறாத சட்டம்.

மேலே அப்பாவின் விலங்கியல் புத்தகங்கள். ஓய்வு பெறும்வரை பள்ளியில் அவர் நடத்தியவை. அவற்றின் கீழே அவள் கல்லூரியில் படித்தவை. அதுவும் விலங்கியல்தான். அப்பாவின் ஆசை.

எல்லாவற்றுக்கும் அடியில், நேற்று அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து அவள் செருகி வைத்த ஒன்று.

கணக்குப்பதிவியல், முதல் பாகம்.

மேலே படிக்கவில்லை, ஆடிட்டர் ஆபீசில் வேலைக்குப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்த வேலையைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாராவது விசாரித்தால், "பொண்ணு சுவாலஜி முடிச்சிருக்கா" என்பார். அதோடு நிறுத்திக்கொள்வார்.

அவளுக்கோ வேலை பிடித்துப்போய்விட்டது. உள்ளதைச் சொன்னால், தவளையை அறுத்ததைவிடப் பிடித்திருந்தது. கணக்கு இரண்டு பக்கமும் ஒத்துவந்த நாளில் பஸ்ஸில் தனியாகச் சிரிப்பாள்.

அம்மாவிடம் சொல்லலாம். அம்மா சந்தோஷப்படுவாள்.

அவளுக்கு அப்பாவிடம் சொல்ல வேண்டும்.

அப்பா ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தள்ளி வைத்தார்.

கடைசிப் புத்தகம் கைக்கு வந்தது.

அட்டையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவள் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள்.

அவர் கொடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் பாடத்தைத் திறந்தார்.

அடுக்களையிலிருந்து அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் எழுந்திருக்கவில்லை. ஒரு பக்கம் முடிந்து அடுத்ததற்குப் போனார். திரும்ப முதல் பக்கத்துக்கே வந்தார். நெற்றி சுருங்கியது.

வேலையில் சேர்ந்த புதிதில் அவளும் அந்த இடத்தில்தான் முழித்தாள்.

"ஏம்மா, பணம் நம்ம கைக்கு வந்தா அதை டெபிட்னு போட்டிருக்கான். அதெப்படி?"

அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விளக்க வாயைத் திறந்தாள்.

அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரு, பேனா எடுத்துட்டு வரேன்."