குற்றாலத்தில் கேட்ட மெட்டு

“மணி என்னய்யா?” கடலை மண்டி முதலாளி சோலையப்பன் அதட்டினார்.

“எட்டு பத்துங்க, மொதலாளி.” மண்டியில் எடை போடும் அடைக்கலம் செருப்பைக் கழற்றியபடியே சொன்னார்.

“நான் நாலரைக்கு எந்திரிச்சு, குளிச்சு, பூசை முடிச்சுட்டு வந்து உக்காந்திருக்கேன். ஒன்னால எட்டு மணிக்கு வர முடியல. இன்னொரு நா லேட்டாச்சுன்னா வேற எடம் பாத்துக்க.”

இந்த நாலரை மணிக் கதை இலுப்பூர்க் கடைத்தெரு முழுக்கப் பிரசித்தம். கல்யாணமோ கருமாதியோ, அதைச் சொல்லாமல் சோலையப்பன் இலையில் கை வைக்கமாட்டார். காலையில் யாராவது வீட்டுக்குத் தேடி வந்தால் அவர் மனைவி ராசாத்தி வாசலிலேயே நிறுத்தி, “பூசையில இருக்காக” என்று அனுப்பிவிடுவாள்.

அடைக்கலத்துக்கு மண்டியை விட்டால் போக்கிடம் இல்லை. வீட்டில் மூன்று பெண்கள். தலையைக் குனிந்துகொண்டு தராசுப் பக்கம் போனார்.

“அது கெடக்கட்டும், இதக் கேளு,” என்றார் சோலையப்பன், குரல் இளகி. போன வாரம்தான் குடும்பத்தோடு குற்றாலம் போய்ச் சாரலில் நனைந்துவிட்டு வந்திருந்தார். “அங்கிட்டு விடியக்காலம், வழக்கம்போல எந்திரிச்சு உக்காந்திருந்தேன். எங்கிட்டோ இருந்து ஒரு வாத்தியம். பாட்டுக் கெடையாது, வாத்தியம் மட்டுந்தான். பிடில் மாதிரி. அடியில தம்புரா. கேட்டதும் கண்ணுல தண்ணி வந்துருச்சுய்யா. என்னா ஏதுன்னு பாக்குறதுக்குள்ள நின்னு போச்சு.”

சொல்லிவிட்டு, கண்ணை மூடிப் பாடிக் காட்டினார். “தீ... தா... தீதீ... தா...” பாதியில் நின்றது. மறுபாதி மறந்துவிட்டது.

அடைக்கலத்தின் கையிலிருந்த எடைக்கல் நழுவிக் கடலை மூட்டைமேல் விழுந்தது.

“தெரியுதா?”

“தெ... தெரியலைங்க.”

“பேரு தெரிஞ்சாத்தானே திருச்சியில போயி பிளேட்டு வாங்கலாம். கிராமபோன் சும்மா கெடக்கு. வா, டீக்கடையில கேப்போம்.”

“நீங்க இருங்க மொதலாளி. நான் முன்ன போயி ஆளு இருக்காகளான்னு பாத்துட்டு வாரேன்.” அடைக்கலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

டீக்கடை ஷேக் பரீது, சோலையப்பனின் எதிர்வீட்டுக்காரர்; வீட்டு முன்கட்டுதான் கடை. கடை அலமாரியில் பெரிய ரேடியோ வைத்திருப்பவர். இசையில் அவருக்குத் தெரியாதது இல்லை என்று பேர். சோலையப்பன் பாடி முடிக்கும்வரை அவர் அடைக்கலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேட்ட மாதிரியே இல்லையேண்ணே,” என்றார் கடைசியில்.

மறுநாள் நாதஸ்வரம் உடையப்பன். அங்கேயும் அடைக்கலம்தான் முன்னால் ஓடினார். உடையப்பன் இரண்டு தரம் பாடச் சொல்லிக் கேட்டார். மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். “இது எங்க வழியில வர்றதில்லைங்க,” என்றார்.

ஊரில் ஒருத்தருக்கும் சங்கீத ஞானம் இல்லை என்று சோலையப்பன் நொந்துபோனார். நாளைக்குக் கடைத்தெருவில் ஒவ்வொரு கடையாகக் கேட்பதாக அறிவித்துவிட்டார்.

அந்த நாளைக்கென்று பார்த்து அடைக்கலம் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றபோது மணி எட்டரை.

“என்னய்யா இது?”

“வழியில நாலு பேத்தப் பாத்துப் பேச வேண்டியதாப் போச்சுங்க.”

“நல்லாப் பேசு. நாளையில இருந்து முழுநேரமும் பேசிக்கிட்டிரு. மண்டிப் பக்கம் வராத.”

அடைக்கலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். சோலையப்பன் அன்று கடை கடையாக ஏறிப் பாடினார். தையல்காரரிலிருந்து வெற்றிலைக்காரர் வரை, சொல்லிவைத்தாற்போல் அத்தனை பேரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

ராத்திரி முழுக்க அவரைப் பல்வலி தூங்கவிடவில்லை. விடியும் நேரத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஊரே விழித்திருந்தது. தண்ணீர் இறைக்கிறார்கள், வண்டி பூட்டுகிறார்கள். இதையெல்லாம் அவர் தன் வீட்டிலிருந்து பார்த்துப் பன்னிரண்டு வருஷமாவது இருக்கும். அவருடைய தினசரிப் பூசை ஏழரை வரைக்கும் போர்வைக்குள்தான் நடக்கும். குற்றாலத்தில்கூட அவரை எழுப்பியது லாட்ஜ் கட்டிலின் மூட்டைப்பூச்சிதான்.

அப்போதுதான் எதிரே அந்த மெட்டு கேட்டது. அதே பிடில், அதே தம்புரா.

பல்வலி பறந்துபோனது. இடுப்பு வேட்டியோடு டீக்கடைக்கு ஓடினார். “இதுதான்யா! இதேதான்! பரீது, இது என்னாது?”

பெஞ்சில் இருந்தவர்கள் டீ கிளாசுக்குள் முகத்தை விட்டுக்கொண்டார்கள்.

“ரேடியோ ஸ்டேஷன் தொறக்குற மெட்டுண்ணே,” என்றார் பரீது மெதுவாக. “தெனமும் விடியக்காலம் இதப் போட்டுட்டுத்தான் மத்ததெல்லாம் ஆரம்பிப்பாக.”

“தெனமுமா? எங்க வீட்டுக்கு எதுக்கவா?”

“பதினொரு வருஷமாண்ணே.”

சோலையப்பனுக்கு முகம் சுண்டியது. மானம் போன எரிச்சல் கோபமாகத் திரும்பியது. “அப்ப மூணு நாளா என்னைய ஊரு பூராம் பாட விட்டு வேடிக்கை பாத்தீகளா? அன்னைக்கே சொன்னா என்ன?”

பரீது தோள்துண்டை எடுத்து, ஏற்கெனவே துடைத்திருந்த மேஜையை இன்னொரு தரம் துடைத்தார்.

“அடைக்கலந்தாண்ணே வேணாம்னுட்டாரு. நாலரைக்கு எந்திரிக்கிறவுகளுக்கு இந்த மெட்டுத் தெரியலைன்னா ஊரு சிரிக்கும், எம் மொதலாளி பேரு கெட்டுறக் கூடாதுன்னு நேத்துக் காலையில கடை கடையா ஏறி எறங்கி எல்லாரையும் கும்பிட்டுக் கேட்டுக்கிட்டாரு. அதுலதான் வேலைக்குப் போக லேட்டாயிருச்சாம்.”