ரோமில் முதல் நாள்

இன்று ரோமில் எங்களுக்கு முதல் நாள். பெங்களூர் ஹெப்பகோடியில் மழை பிடித்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி ஜன்னலோரம் நின்று, என் கணவர் கிளிஃபர்ட் செல்போனில் ஒரு நீரூற்றுப் படத்தைத் தேடி எடுத்தார். குடும்பக் குழுவில் போட்டுவிட்டு, 'வெயில் கொளுத்துது' என்று எழுதினார்.

அம்மா எங்கே என்று எங்கள் மகள் டீனா உடனே கேட்டாள்.

'அம்மா அசந்து படுத்திருக்கா.'

அது மட்டும் பொய்யில்லை.

நாளைக் காலையில் எனக்கு இடது மார்பை எடுக்கிறார்கள். எங்கள் காக்ஸ் டவுனில் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது.

தெரியக் கூடாது. டீனாவுக்கு நிச்சயம் முடிந்து இருபது நாள்தான் ஆகிறது. அடுத்த மாதம் கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஃபாதர் கேட்பார். தாய்க்கு வந்தது பெண்ணுக்கும் வருமே என்று யாராவது மாப்பிள்ளையின் அம்மா காதில் போட்டால் போதும். எங்கள் பங்குக் கோயிலில் அப்படிப் போடுவதற்கென்றே நாலு பேர் இருக்கிறார்கள். நாலு பேருமே பாடல் குழுவில் முன்வரிசை.

அதனால்தான் ரோம். முப்பதாவது கல்யாண நாளுக்குப் பத்து நாள் சுற்றுலா என்று சொன்னோம். டீனாவிடமும் அதையேதான் சொன்னோம்.

மாப்பிள்ளையின் அம்மா பிரிஜெட்டே வீட்டுக்கு வந்து வழியனுப்பினாள். பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவள். அப்போதெல்லாம் வாடி போடிதான். சம்பந்தியானதும் வாங்க போங்க வந்துவிட்டது. பதினோரு வருஷம் முன்னால் ரோமுக்குப் போய் வந்தவள் என்பதால் ஆயிரம் யோசனை சொன்னாள். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டியாக எடுத்துக்கொள்ளச் சொன்னாள். நான் தூக்கிய பெட்டியைக் கையிலிருந்து பிடுங்கினாள். துவைத்துத் துவைத்து நிறம் போன, நாடா வைத்துத் தைத்த ஒரு குட்டித் தலையணையை என் கைப்பையில் திணித்தாள்.

"பெட்டியில போட்றாதீங்க மௌரீன், கையிலயே இருக்கட்டும். ரோமுல மொத ரெண்டு நாளு இது இல்லாம முடியாது."

விமானத்தில் கழுத்துக்கு வைத்துக்கொள்ளத்தான் தருகிறாள் என்று நினைத்தேன்.

நேற்றுக் காலை டீனா எங்களை ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டு, கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் கார் மறையும்வரை கையாட்டினோம். பிறகு ரோமுக்கென்று கட்டிய பெட்டிகளை இழுத்துக்கொண்டு போய் ஏர்போர்ட் பஸ்ஸில் ஏறினோம். ஊரின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு மூன்று மணி நேரம்.

எனக்குப் பயமில்லை. அழுகையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு தாடை இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. டீனாவை நினைத்தால்கூட அப்படித்தான் இருந்தது. அதுதான் எனக்கே பிடிக்கவில்லை.

ரோமும் இரைச்சலான ஊர்தானாமே என்று, கிளிஃபர்ட் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு டீனாவுக்கு வாய்ஸ் மெசேஜ் பேசப் பார்த்தார். ஹாரன் எந்த ஊரிலும் ஹாரன்தான். ஆனால் கீழே பெங்களூர் பஸ் கண்டக்டர் ஒருவன் 'சில்க் போர்ட், சில்க் போர்ட்' என்று கத்தினான். படாரென்று ஜன்னலைச் சாத்தினார். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

யாராவது போன் செய்தால் உளறிவிடக் கூடாது என்று அவர் கைக்கடிகாரத்தையும் மூன்றரை மணி நேரம் பின்னால் தள்ளி வைத்திருந்தார். நர்ஸ் அனுஷா வந்து, நான் கடைசியாக எப்போது சாப்பிட்டேன் என்று கேட்டபோது, மணிக்கட்டைப் பார்த்து, கணக்குப் போட்டு, ஒன்பதரை என்றார். சாப்பிட்டது மதியம் ஒரு மணிக்கு. நான்தான் திருத்தினேன். அனுஷா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

"ஆன்ட்டி, குட்டியா ஒரு தலகாணி கொண்டாந்திருக்கீங்களா? ஆப்பரேஷன் ஆனதும் அக்குள்ல வெக்கணும். யாருமே கொண்டார்றதில்ல."

கைப்பையிலிருந்து பிரிஜெட் கொடுத்ததை எடுத்து நீட்டினேன். சும்மா, கையில் இருந்ததால்.

அனுஷா அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"இதேதான் ஆன்ட்டி! இதுக்குன்னே தெச்சிருக்காங்களே."

நாடாவை என் இடது தோளில் மாட்டிக் காட்டினாள். தலையணை கைக்கும் விலாவுக்கும் நடுவில் போய், பழகிய இடம் மாதிரி உட்கார்ந்துகொண்டது.

நிறம் போன அந்தத் துணியை விரலால் தடவினேன்.

பதினோரு வருஷம். ரோமிலிருந்து திரும்பி வந்த பிரிஜெட் தெரு முழுக்க ஜெபமாலை கொடுத்தாள். போட்டோ மட்டும் ஒன்றுகூடக் காட்டவில்லை. கேமரா தொலைந்துபோனதாம். பாவம் என்று நாங்களும் உச்சுக்கொட்டினோம்.

சாயங்காலத்துக்கு எந்தப் படம் போடட்டும் என்று கிளிஃபர்ட் கேட்டார். என் போனை எடுத்து பிரிஜெட்டுக்கு எழுதினேன்.

'ரோமுக்கு வந்து சேந்தாச்சு. தலகாணி சரியா இருக்கு.'

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. எழுதுகிறாள், நிறுத்துகிறாள், மறுபடி எழுதுகிறாள். தாடை முதல்முறையாக நடுங்க ஆரம்பித்தது. கிளிஃபர்ட் பதறிப்போய் நர்ஸைக் கூப்பிட ஓடினார்.

அப்புறம் வந்தது.

'ஓலைக்கு ஃபாதர்கிட்ட பேர் குடுத்துட்டேன். நீ அவசரப்படாம வாடி.'