உரிமையாளர் நீங்கள்தானா?

கரண்ட் போய் வந்ததில் பனிமலையின் பாதியில் ஆட்டம் நின்றுவிட்டது.

மடிக்கணினித் திரையில் அதே கேள்வி. இந்த விளையாட்டின் உரிமையாளர் நீங்கள்தானா? சரிபார்க்க இணைய இணைப்பு வேண்டும். பத்து நிமிடத்துக்குள் இணையாவிட்டால் சேமிக்காத பயணம் அழிந்துவிடும்.

பத்து ஓடத் தொடங்கியது.

"நாசமாப் போக" என்றாள்.

காலையிலிருந்து ஏறியிருக்கிறாள். முதுகில் மூட்டையோடு, முழங்கால் பனியில். இன்னும் இருநூறு அடியில் கூடாரம். அதற்குள் போய்ப் படுத்தால்தான் நடந்ததெல்லாம் தங்கும்.

கட்டிலில் அவள் படுத்து இன்றோடு எழுபத்தெட்டு நாள்.

கால்மாட்டில் பக்கத்துக்கு இரண்டு செங்கல். கால் மேலே, தலை கீழே. கர்ப்பப்பை வாயில் தையல். முதல் இரண்டும் ஐந்தாம் மாதத்தில் போய்விட்டன. இது ஆறாம் மாதத்தைத் தொட்டிருக்கிறது. எல்லாமே படுத்தபடி பெட்பேனில்தான், தரையில் கால் வைக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

நடப்பதற்கு அவளுக்கு இருந்தது அந்த மலை ஒன்றுதான்.

அவள் தம்பி அந்த விளையாட்டைப் பென்டிரைவில் காப்பி போட்டுத் தருகிறேன் என்றான். கணவன் இளம்பரிதி கேட்கவில்லை. "பிள்ளை வரப்போற வீட்டுல திருட்டுப் பொருள் வேணாம்." கடைக்குப் போகிற மாதிரி சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்து, ஆன்லைனில் பணம் கட்டி முறையாக வாங்கித் தந்தான்.

தம்பி நெட்டே இல்லாத ஹாஸ்டல் அறையில் போன மாதமே சிகரம் ஏறிவிட்டான். அவனை எதுவும் கேள்வி கேட்கவில்லை. திருடனை உள்ளே விட்டுவிட்டு வீட்டுக்காரியை வாசலில் நிறுத்துகிற காவல்காரன்.

ஒன்பது.

ரவுட்டருக்கு ஒரு குணம். கரண்ட் போய் வந்தால் சிவப்பு விளக்கோடு முறைத்துக்கொண்டு நிற்கும். யாராவது அணைத்துப் போட வேண்டும். அது ஹாலில், டிவிக்குப் பக்கத்தில். பன்னிரண்டு எட்டு வைக்க வேண்டும். படுத்தபடி கண்ணாலேயே எண்ணி வைத்திருக்கிறாள்.

போனும் ஹாலில்தான் கிடக்கிறது, சார்ஜில்.

"அத்தை!"

மாமியார் கீழே போயிருக்கிறார். தண்ணி லாரி வந்திருக்கிறது. ஹாரன் கேட்டால் சாமி கும்பிடுகிறவர்களும் கற்பூரத்தை விட்டுவிட்டு ஓடுகிற தெரு இது. இருந்த கடைசி பக்கெட்டில் வீட்டைத் துடைத்து முடித்து, அந்தக் கையோடு குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஓடும்போதே வழக்கம்போல ஒரு குரல்: "ஈரம் காயற வரைக்கும் யாரும் நடக்காதீங்க!"

வீட்டில் இருந்ததே அவள் ஒருத்தி. அப்போது சிரித்தாள்.

ஏழு.

விட்டுத் தொலை. விளையாட்டுதானே. நாளைக்கு மறுபடி ஏறிக்கொள்.

போன வாரம் ஆற்றங்கரையில் இப்படித்தான் சொல்லிக்கொண்டாள். அதற்கு முந்தின வாரம் தொங்குபாலத்தில். ஏறின இடத்தையே ஏறி, ஒவ்வொரு தரமும் இந்தக் கட்டிலிலேயே வந்து விழுகிறாள்.

அழுகை வந்தது. தலை கீழாகக் கிடந்து அழுதால் கண்ணீர் காதுக்குள் போகிறது. அதுவும் எரிச்சல்.

நாலு.

இடது காலை இறக்கினாள்.

தரை ஜில்லென்றிருந்தது. அடிப்பாவி, தரை இவ்வளவு நன்றாகவா இருக்கும்!

சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள்.

திரும்பி வந்து படுத்தபோது திரை திறந்திருந்தது. உரிமையாளர் சரிபார்க்கப்பட்டார். நன்றி. பனியில் அந்தப் பெண் மூட்டையோடு காத்துக்கொண்டிருந்தாள். கூடாரம் தெரிந்தது.

அவள் விசையைத் தொடவில்லை.

இரண்டு கையும் வயிற்றின் மேல் இருந்தன.

தினமும் இந்த நேரத்துக்கு ஓர் உதை வரும். நீ ஏறினால் அதுவும் உள்ளே கூட ஏறுகிறது என்று இளம்பரிதி கேலி செய்வான்.

வரவில்லை.

புரண்டு படுக்கப் பயம். மூச்சு இழுக்கப் பயம். முருகா, ஒரு தரம். ஒரே ஒரு தரம். இனிமேல் இந்த மலைப் பக்கமே போகமாட்டேன்.

படியில் குடம் இடிக்கும் சத்தம் கேட்டது. அத்தை வாசலிலேயே நின்றார்.

"நெட்டு வந்துடுச்சா?"

"தானா வந்துடுச்சு, அத்தை."

அத்தை ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலிலிருந்து டிவி வரைக்கும் கால்தடம் போயிருந்தது. டிவியிலிருந்து கட்டில் வரைக்கும் திரும்பி வந்திருந்தது.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இப்போது வரும் திட்டு.

துணி பிழியும் சத்தம் வந்தது.

கண் திறந்தபோது அத்தை மண்டி போட்டு, டிவிப் பக்கமிருந்து ஒவ்வொரு தடமாகத் துடைத்துக்கொண்டு வந்தார். கட்டில் கால் வரைக்கும். ஒன்றையும் விடவில்லை.

"சாயந்திரம் அவன் வந்தா எதுவும் சொல்லிக்க வேணாம்."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, கட்டிலோரம் உட்கார்ந்து அவள் வயிற்றில் வைத்தார்.

கரண்ட் மறுபடி போனது. ஃபேன் மெல்ல நின்றது. திரையில் திரும்பவும் அதே கேள்வி, அதே பத்து நிமிடம்.

இருவரும் அசையவில்லை.

ஒன்பது. எட்டு. கீழே லாரி கிளம்பிப் போனது. ஆறு. ஐந்து.

அத்தையின் கை துள்ளியது.

"இந்தா!" என்றார் அத்தை.

இன்னும் மூன்று நிமிடம் மிச்சமிருந்தது. அவள் மடிக்கணினியை மூடினாள்.