குறை எழுதும் தாள்

மாதம் பதினாறு முறை பறக்கும் துரைவேலன், விமானத்தில் எதையும் சும்மா விட்டதில்லை. உப்புமா ஆறியிருந்தால் எழுதுவார். பணிப்பெண் முகம் கொடுக்காவிட்டால் எழுதுவார். கதவு சாத்திய பிறகும் கைபேசியில் பேசும் பயணிகளை ஊழியர்கள் கண்டிப்பதில்லை என்று மட்டும் மூன்று கடிதங்கள் எழுதியிருந்தார்.

அன்று கதவு சாத்தியதும் அவருடைய கைபேசி அடித்தது. மனைவி.

"என்னங்க, மாமாவுக்குத் திடீர்னு பேச்சு நின்னுபோச்சு. கண்ணு மட்டும் உங்களைத் தேடுது. போனை அவர் காதுல வெக்கிறேன், ஏதாவது பேசுங்க."

"அப்பா" என்றார். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. அதற்குள் பணிப்பெண் ஷெரின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சார், போனை அணைச்சிடுங்க. உங்க லெட்டருக்கு அப்புறம் யாரையும் விடக்கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு."

பக்கத்து இருக்கைக்காரர் அவரை எரிச்சலோடு பார்த்தார். அந்தப் பார்வை அவருக்கு நன்றாகப் பழகியது. இத்தனை நாள் மற்றவர்களை அவர் பார்த்த அதே பார்வைதான். கைபேசியை அணைத்தார்.

அதன் பிறகு விமானம் நாற்பது நிமிடம் அதே இடத்தில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே, அவர் ஏறி வந்த ஏணியை யாரோ நிதானமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஷெரின் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து நீட்டினாள். "லேட்டாயிடுச்சு சார். எப்படியும் கேப்பீங்கன்னு நானே எடுத்துட்டு வந்துட்டேன்."

பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயரை எழுதினார். அடுத்த கட்டம், என்ன குறை என்று கேட்டது.