கொளஞ்சியின் மேடு

எங்கள் நிலாவின் மேடு பள்ளத்தை அளக்கப் பூமிக்காரன் விட்ட ஒரு விண்கலம் சுற்றுகிறது. ரேடார் அலையைத் தரைக்கு அனுப்பி, அது திரும்பும் நேரத்தை வைத்து உயரம் கண்டுபிடிக்குமாம். நிலம் அளக்க வந்தவன் எவனும் சும்மா போனதில்லை. நாங்கள் குழிக்குள் வாழ்கிறோம். வெளியே தெரிவது என் பெண்சாதி கொளஞ்சியின் புதைமேடு மட்டும். போகிறவர்கள் ஆளுக்கொரு பிடி மண் போட்டு அது குன்றாகிவிட்டது.

"அடுத்த சுத்துக்குள்ள நிரவிடணும் சித்தப்பா. பார்த்தான்னா எறங்கிருவான்," என்றான் அண்ணன் மகன் மருதையன்.

"உங்கப்பன் மேடுன்னா வெட்டுவியாடா?"

"வெட்டுவேன். புள்ளைங்க உள்ள இருக்குதுங்க."

அவன் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு குழியைவிட்டு வெளியே ஏறினேன். அவள் மேட்டில் கை வைக்கவில்லை. பக்கத்தில் இன்னொன்று குவிக்கத் தொடங்கினேன்.

"மேடு ஒத்தையா நின்னாத்தானடா சந்தேகப்படுவான்? எல்லாரும் வந்து குவிங்கடா!"

கலம் தொடுவானத்தில் ஏறிவிட்டது. குழியிலிருந்து இன்னும் ஒரு தலைகூட வெளியே வரவில்லை.