பூனைத் துணி

அவளுடைய ஆராய்ச்சி ஓர் ஒற்றைச் செல் ஒட்டுண்ணியைப் பற்றியது. அது மூளையில் குடியேறிவிட்டால் எலிக்குப் பூனைமேல் உள்ள பயம் விட்டுப்போகும். சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்புவது போலப் பூனையைத் தேடிப் போகும். ஒட்டுண்ணிக்கு வேண்டியதும் அதுதான். பூனையின் வயிற்றில்தான் அதன் வம்சம் பெருகும்.

அன்று காலை அவள் கூண்டருகே வந்ததும் நல்ல எலிகள் எதிர்மூலையில் ஒண்டிக்கொண்டன. நோய் கண்ட எலிகள் ஓடிவந்து, கம்பியில் மூக்கை வைத்து முகர்ந்தன.

"பரவாயில்லையே, பூனைத் துணி நல்லா வேலை செய்யுது."

உதவியாளர் பெண் டப்பாவைத் தூக்கிக் காட்டினாள். "பூனை படுத்த துணி இதுக்குள்ளதான் இருக்குக்கா. நான் இன்னும் மூடியே திறக்கலையே."

வாசனைச் சோதனை நாளில் யாரும் சோப்புகூடப் போடக் கூடாது. அவளும் வெறும் தண்ணீரில்தான் குளித்திருந்தாள். கையை முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். சண்டைக்குப் பிறகு ஒரு மாதமாக முகம் கொடுத்துப் பேசாத கணவன் வாசலிலேயே காத்திருந்தான். அவள் உட்கார்ந்ததும் ஒட்டி உட்கார்ந்தான்.

"என்ன, கோபம் போயிடுச்சா?"

"என்னமோ தெரியல. காலையிலேருந்து உன்கிட்ட வரணும்போலவே இருந்துச்சு."

அவள் மடியில் தலைசாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். இதற்குத்தானே ஏங்கிக் கிடந்தோம் என்று அவளுக்கு மனம் குளிர்ந்தது. முடியைக் கோதிவிட்டாள். அவன் கழுத்து நரம்பு மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது.

அவளுக்குப் பசித்தது.